மழைக்கு எந்த டயர் நிற்கும்?

வானொலியில் மாலை நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு மழை எப்போது தொடங்கியது என்று ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டியதில்லை. போக்குவரத்துத் தகவல் வரும் திரையே சொல்லிவிடும். ஐந்தரை மணிவரை நான்கு வரி இருந்த இடத்தில் ஆறு மணிக்குப் பன்னிரண்டு வரி நிற்கும். காராக் நெடுஞ்சாலையில் சறுக்கிய கார், டோல் சாவடிக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக மோதிய மூன்று வாகனங்கள், இடது தடத்தில் நிற்கும் இழுவை லாரி. அதை வாசித்துவிட்டு அடுத்த பாட்டைப் போடுவதுதான் என் வேலை. ஆனால் பாட்டு ஓடும் நான்கு நிமிடத்தில், "இதில் எத்தனை கார்களின் டயர் நல்ல நிலையில் இருந்திருக்கும்?" என்று நான் நினைக்காத நாள் குறைவு.

அதனால்தான் சித்தி மகன் கேட்ட கேள்வியை இந்த வாரம் பத்திக்கே கொண்டு வந்துவிட்டேன். தம்பிக்கு வயது முப்பது. நீலாயில் வீடு, கோலாலம்பூரில் வேலை. நாலைந்து வருடம் பணம் சேர்த்து, பழைய டொயோட்டா 86 ஒன்றை வாங்கியிருக்கிறான். 2013இல் செய்த கார். பின்சக்கரங்களால் ஓடும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் அது. பின்னால் இரண்டு இருக்கை இருப்பதாகச் சொல்வார்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன், அரிசி மூட்டைக்குத்தான் சரி.

"அக்கா, டயர் மாத்தணும். செமி ஸ்லிக் போடலாம்னு இருக்கேன். சிப்பாங் போறப்ப நல்லா இருக்கும்."

வருடத்துக்கு எத்தனை தடவை சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போவாய் என்று கேட்டேன். இரண்டு தடவை என்றான். மற்ற நாளெல்லாம்? நீலாயிலிருந்து கோலாலம்பூருக்கும், அங்கிருந்து நீலாய்க்கும். இடது பக்க இருக்கையில் அவன் மனைவி. அவருக்கும் பட்டணத்தில்தான் வேலை. ஏழாம் மாதம். அவருக்குக் கார் பற்றிப் பெரிய ஆர்வமில்லை. பேச்சின் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மழை பெஞ்சா எது சீக்கிரம் நிக்கும்?"

நாங்கள் மூவரும் பேசிய எல்லாவற்றிலும் உருப்படியான கேள்வி அதுதான்.

முதலில் தேதியைப் பாருங்கள்

தம்பியின் காரில் இருந்த டயரைப் பார்த்தால் மாற்ற வேண்டும் என்றே தோன்றாது. மலாயில் டயரின் வரிப்பள்ளங்களைப் பூ என்று சொல்வார்கள். அந்தப் பூ பாதிக்கு மேல் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் காரை அதிகம் வெளியே எடுத்ததில்லையாம். ஆனால் டயரின் பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இவன் காரில் 1118 என்று இருந்தது. 2018ஆம் ஆண்டின் 11ஆவது வாரத்தில் செய்த டயர்.

ரப்பர் ஓடினாலும் தேயும், ஓடாமல் நின்றாலும் மூப்படையும். வெயிலும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் அதை மெல்ல இறுக்கிவிடும். கை வைத்தால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். சில கார் நிறுவனங்கள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், எப்படியிருந்தாலும் பத்து வருடத்தைத் தாண்டக் கூடாது என்பது மிஷலின் போன்ற டயர் நிறுவனங்களின் அறிவுரை. நம் ஊர்ச் சூட்டில் வெளியே நிறுத்தும் காருக்கு நான் ஆறு வருடக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்வேன்.

தேய்மானத்துக்கும் அளவு உண்டு. பூவின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள். அதற்குக் கீழே போனால் அது மொட்டை டயர். 'போத்தாக்' என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். ஆனால் மழைக்கு அந்த எல்லைவரை காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. புதிய டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றத் திட்டமிடுங்கள் என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஜாதகம்

தம்பியின் காருக்குத் தொழிற்சாலையில் வைத்த அளவு 215/45ஆர்17. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 45 விழுக்காடு. ஆர் என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதற்குப் பிறகு 87டபிள்யூ என்று இருக்கும். 87 என்றால் அந்த ஒரு டயர் தாங்கும் எடை 545 கிலோ. டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும். நாம் யாரும் அந்த வேகத்தில் போகப் போவதில்லை, போகவும் கூடாது. ஆனால் கார் நிறுவனம் சொன்னதற்குக் குறைந்த குறியீடு உள்ள டயரை மட்டும் வாங்காதீர்கள்.

நாங்கள் போன முதல் கடையில், கடைக்காரர் என்னைப் பார்க்காமல் தம்பியிடம் மட்டுமே பேசினார். "235 போடுங்க, பெரிசா இருந்தா பிடிப்பு ஜாஸ்தி" என்றார். தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: "இந்த ரிம்மோட அகலம் எவ்வளவு?" ஏழு அங்குலம். 235/45 டயருக்கு டயர் நிறுவனங்கள் குறிப்பிடும் குறைந்தபட்ச ரிம் அகலமே ஏழரை. குறுகிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால் பக்கச் சுவர் உள்ளே மடங்கி நிற்கும். வளைவில் அது வழவழவென்று அசையும். பிடிப்பு கூடுவதற்குப் பதில் ஸ்டீயரிங்கின் கூர்மை போய்விடும்.

விட்டக் கணக்கும் இருக்கிறது. 215/45ஆர்17 டயரின் மொத்த விட்டம் சுமார் 625 மில்லிமீட்டர். 235/45ஆர்17 என்றால் 643. கிட்டத்தட்ட மூன்று விழுக்காடு வித்தியாசம். வேகமானி காட்டுவதைவிடக் கார் அதிக வேகத்தில் போகும். இதெல்லாம் ஒருபுறம் இருக்க, அகலமான டயர் மழைநீரை ஒதுக்கித் தள்ளுவதற்கு இன்னும் அதிகம் உழைக்க வேண்டும். நம் சாலைக்கு இந்த ஒரு காரணமே போதும். நாங்கள் வேறு கடைக்குப் போனோம்.

நான்கு உள்ளங்கை

கார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சாலையைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு இடம்தான். ஓட்டுவது, திருப்புவது, நிறுத்துவது எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறீர்கள். அந்த நொடிக்குள் பூ தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாவிட்டால் தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து காரைத் தூக்கிவிடும். ஸ்டீயரிங் திடீரென்று இலேசாகும். பிரேக்கை மிதித்தாலும் ஒன்றும் நடக்காது.

நாசா ஆய்வாளர்கள் 1960களில் விமானச் சக்கரங்களுக்காக இதைக் கணக்கிட்டார்கள். தண்ணீர் போதிய ஆழம் நின்றால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். 36 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் அந்தக் கணக்கு மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் என்று வரும். 25 பி.எஸ்.ஐ. என்றால் சுமார் 83. கார் டயருக்கு அகலம், பூவின் ஆழம் என்று வேறு காரணங்களும் சேரும். எண் அப்படியே பொருந்தாது. ஆனால் காற்று குறைந்தால் டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும் என்பது கார் டயருக்கும் பொருந்தும். ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து நல்ல டயர் வாங்கிவிட்டு, காற்றைப் பார்க்காமல் விட்டால் என்ன பயன்?

எந்த வகை?

இப்போது தம்பியின் செமி ஸ்லிக் ஆசைக்கு வருவோம். ஸ்போர்ட்ஸ் காருக்கான டயர்களை எளிமையாக மூன்று அடுக்காகப் பிரிக்கலாம்.

மேல் அடுக்கில் செமி ஸ்லிக். டோயோ பிராக்சஸ் ஆர்888ஆர், மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்றவை. சாலையில் ஓட்ட அனுமதியுள்ள பந்தய டயர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பூ குறைவு, ரப்பர் அதிகம். சூடேறிய பிறகு தார்ச் சாலையைப் பற்றிக்கொள்ளும் விதம் அபாரம். ஆனால் அதற்குச் சூடேற வேண்டும். மழைநீர் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். தண்ணீரை வெளியேற்றப் பள்ளமும் போதாது.

அடுத்தது தெருவுக்கும் தடத்துக்கும் நடுவில் நிற்பவை. யோக்கோஹாமா அட்வான் நியோவா ஏடி09, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்இ-71ஆர்எஸ் போன்றவை. ஈரத்தில் செமி ஸ்லிக்கைவிடப் பரவாயில்லை. ஆனால் சத்தம் அதிகம், தேய்மானம் வேகம், பாதி தேய்ந்த பிறகு தேங்கிய நீரில் நம்பிக்கை குறையும்.

மூன்றாவது, சாலைக்காகவே செய்த உயர் ரகம். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 5, பைலட் ஸ்போர்ட் 4எஸ், குட்இயர் ஈகிள் எஃப்1 அசிமெட்ரிக் வரிசை, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட் போன்றவை. காய்ந்த தடத்தில் மேலே சொன்னவற்றைவிட மெதுவாக இருக்கலாம். ஆனால் அகலமான நீர்ப்பள்ளங்களும், ஈரத்தில் பிடிப்பதற்கென்றே சேர்த்த ரப்பர் கலவையும் இவற்றில் இருக்கும். அந்தக் கலவையின் இரகசியம் சிலிக்கா. 1992இல் மிஷலின் சிலிக்கா கலந்த டயரைக் கொண்டுவந்த பிறகு, எரிபொருளைச் சேமித்துக்கொண்டே ஈரத்திலும் நன்றாகப் பிடிக்கும் டயர் சாத்தியமாயிற்று.

இங்கே நம் குடும்பங்களுக்குத் தொடர்புள்ள ஒரு செய்தி. தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய வீடுகள் நம்மில் பல. ஆனால் இத்தகைய கார் டயரின் சாலையைத் தொடும் பகுதியில் இருப்பது பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான். இயற்கை ரப்பரின் பலம் டயரின் உடம்புப் பகுதியிலும், லாரி, விமான டயர்களிலும்தான் அதிகம் தெரியும். அடுத்த முறை விமானம் தரையிறங்கும்போது பாட்டியை நினைத்துக்கொள்ளலாம்.

டயரின் பக்கவாட்டில் டிரெட்வேர் என்று ஓர் எண்ணும் இருக்கும். அமெரிக்க விதிப்படி எழுதுவது. 100 என்பது ஒப்பீட்டு டயர். 300 என்றால் டெக்சாஸ் மாநிலத்துச் சோதனைச் சாலையில் அதைவிட மூன்று மடங்கு மெதுவாகத் தேய்ந்தது என்று கணக்கு. பைலட் ஸ்போர்ட் 4எஸ் 300. நடு அடுக்கு 200ஐ ஒட்டி நிற்கும். செமி ஸ்லிக் பெரும்பாலும் அதற்கும் கீழே. ஆனால் இந்த எண்ணை அந்தந்த நிறுவனமே போட்டுக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயரை ஒப்பிட உதவும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிட அவ்வளவாக உதவாது. மழைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் அட்டையைத் தேடிப் பாருங்கள். ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தரம் போட்டிருக்கும். ஏ வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

சிப்பாங்கே சொன்ன பாடம்

"பந்தயக்காரங்க எல்லாம் செமி ஸ்லிக்தான் போடுறாங்க" என்று தம்பி விடவில்லை. அவனுக்கு 2009ஆம் ஆண்டு சிப்பாங்கில் நடந்த எஃப்1 பந்தயத்தை நினைவூட்டினேன். மாலை ஐந்து மணிக்குத் தொடக்கம். நம் ஊர் மழைக்கும் அதுதான் நேரம். மழை வரும் என்று நம்பி ஃபெராரி அணி, தடம் காய்ந்திருக்கும்போதே ராய்க்கோனனின் காருக்கு முழு மழை டயரை மாட்டியது. மழை தாமதமாயிற்று, டயர் சூட்டில் சிதைந்தது. தூறல் தொடங்கியதும் பலர் முழு மழை டயருக்கு ஓட, டொயோட்டா அணியின் டீமோ கிளாக் நடுத்தர டயரைத் தேர்ந்தெடுத்து வேகமாக முன்னேறினார். பிறகு கொட்டிய மழையில் எந்த டயரும் உதவவில்லை. பந்தயத்தை நிறுத்தினார்கள். 31 சுற்றுகளோடு முடிவை அறிவித்து, பாதிப் புள்ளிகள்தான் கொடுத்தார்கள். வென்றவர் ஜென்சன் பட்டன்.

அந்தப் பந்தயக்காரர்களுக்கு டயர் மாற்ற ஓர் அணியே காத்திருக்கிறது. சில நொடியில் மாற்றிவிடுவார்கள். நீலாய் டோலில் யார் காத்திருக்கிறார்கள்?

"அப்போ ரெண்டு செட் வெச்சுக்கலாமா?" என்றான். வைத்துக்கொள்ளலாம், தடத்துக்கு அடிக்கடி போகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். தனி ரிம், தனி டயர். அடுக்குமாடி வீட்டில் நான்கு சக்கரங்களை எங்கே வைப்பது என்று அவன் மனைவி பார்த்த பார்வையில் அந்த யோசனை முடிந்துபோயிற்று. குழந்தைக் கட்டிலுக்கு ஒதுக்கிய இடத்தையா கேட்க முடியும்?

அவனுக்கு நான் சொன்ன ஆறுதல் வேறு. டொயோட்டா 86 வெளிவந்தபோது, அந்த 17 அங்குல ரிம்மில் இருந்தது மிஷலின் பிரைமசி எச்பி. பிரியஸ் காரில் பயன்படுத்திய சாதாரண டயர் அது. தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடாவின் குழு வேண்டுமென்றே செய்த தேர்வு. பிடிப்பு அளவோடு இருந்தால், குறைந்த வேகத்திலேயே கார் அசைவதும் திரும்புவதும் ஓட்டுகிறவருக்குத் தெரியும். மகிழ்ச்சி அதில்தான் என்பது அவர்கள் எண்ணம். அப்படியானால் சாலைக்கான உயர் ரக டயரே அந்தக் காருக்கு ஒரு படி மேல்தான். சிப்பாங்கில் சில நொடி பின்தங்குவான். பின்தங்கட்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

கடைசியில் தம்பி எடுத்தது மூன்றாவது அடுக்கில் ஒரு டயர். அதே 215/45ஆர்17, நான்கும் ஒரே வகை. காரை உயர்த்தும் முன்பே தேதி இலக்கத்தைப் பார்த்தோம். கடையில் நீண்ட நாள் கிடந்த டயரைப் புதிது என்று கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இரண்டு மட்டும் மாற்றப் பணம் இருந்தால் புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரங்களால் ஓடும் காராக இருந்தாலும் இதுதான் டயர் நிறுவனங்களின் அறிவுரை. முன்சக்கரம் நழுவினால் கார் நேராகப் போகும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வாய்ப்புண்டு. பின்சக்கரம் நழுவினால் கார் சுழலும். சாதாரண ஓட்டுநருக்கு அதைப் பிடிப்பது கடினம்.

சில டயரில் வெளிப்பக்கம் எது என்று எழுதியிருக்கும். சிலவற்றில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். மாட்டி முடித்ததும் ஒரு சுற்று நடந்து நீங்களே பாருங்கள். பேலன்சிங், அலைன்மெண்ட் இரண்டையும் அன்றே செய்துவிடுங்கள். அலைன்மெண்ட் கோணலாக இருந்தால் நல்ல டயரும் ஓரத்தில் சீக்கிரம் தேயும். போர்ஷே, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் வைத்திருப்பவர்கள், அந்த நிறுவனத்துக்காகவே செய்த டயரில் இருக்கும் என், நட்சத்திரம், எம்ஓ அடையாளங்களையும் கேட்டு வாங்குங்கள்.

புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு மிச்சம் இருக்கும். முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்ட வேண்டும். காற்றழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் பார்க்க வேண்டும். நைட்ரஜன் அடைக்கச் சொன்னால் அடைக்கலாம், தப்பில்லை. ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். மாதம் ஒருமுறை அளப்பது அதைவிட முக்கியம்.

புது டயர் போட்ட நான்காம் நாள் மாலை சிரம்பான் பக்கம் நல்ல மழை. நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது தம்பி மனைவியின் குரல்பதிவு வந்திருந்தது. "அக்கா, முன்னால போன லாரி திடீர்னு பிரேக் போட்டுச்சு. நாங்க நின்னுட்டோம். இவர்தான் இன்னும் டயர் சத்தம் கம்மியா இருக்குன்னு குறைபட்டுக்கிட்டு இருக்காரு."

ஸ்போர்ட்ஸ் கார் இல்லாதவர்களுக்கும் இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மைவியோ சாகாவோ, நான்கு டயரிலும் அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள். பிறகு பூட்டைத் திறந்து ஸ்பேர் டயரையும் பாருங்கள். பலருடைய காரில் வீட்டிலேயே வயதானது அதுவாகத்தான் இருக்கும்.